தாத்தாவின் மடக்குக் கத்தியும் ஆச்சியின் முள்வாங்கிக் கொத்தும்

2003-ல் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆச்சி தன் வெற்றிலைச் சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு சாமான்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று, தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தி. இன்னொன்று, பித்தளை வளையத்தில் கோத்த முள்வாங்கிக் கொத்து; காலில் ஏறிய முள்ளை எடுக்கிற குட்டிச் சாமான்கள். "ரெண்டும் அம்பது வருசத்துக்கு மேல ஒண்ணாக் கெடந்து பழகினது எய்யா. பிரிச்சி வச்சிராத" என்றாள். பிரிக்கவில்லை. கத்தி இடுப்புக் கயிற்றில் மாட்டிக் கால்சட்டைப் பையிலும் கொத்து சாவி வளையத்திலுமாக அன்றிலிருந்து என் கூடவே வருகின்றன.

நான் மோட்டார் மெக்கானிக். நாங்குநேரி, ஏர்வாடி, களக்காடு, வள்ளியூர் என்று சுற்றிச் சுற்றிக் கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும் பார்க்கிற வேலை. நல்ல ஸ்பேனர் செட்டும் டூல் பாக்ஸும் வண்டியில்தான் இருக்கும். ஆனால் வண்டி வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும், நான் கிணற்றுக்குள் நிற்பேன். அந்த இடைவெளியில் கைக்கு வருவது பையில் இருப்பது மட்டுமே. பழைய சாமானை வாங்கலாமா, வாங்கினால் உண்மையிலேயே வேலைக்கு ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கு, என் புழக்கத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கத்தி. மூடிய நிலையில் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். கறுப்புக் கைப்பிடி; வழுக்காமலிருக்கக் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கும். அலகின் அடியில் மூன்று கோடுகள் சேர்ந்த அம்புக்குறியும் 1943 என்ற எண்ணும் இருக்கின்றன. அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. செய்தவர் பெயர் தேய்ந்து போய்விட்டது. உள்ளே ஒரு வெட்டு அலகு, ஒரு டப்பா திறப்பான். முதுகுப் பக்கம் மடங்கும் நீளமான இரும்பு முள். ஒரு முனையில் தட்டையான திருப்புளி. இவ்வளவுதான்.

வெட்டு அலகுக்குக் கூர்முனை கிடையாது. வெட்டும் விளிம்பு நேராக ஓடும், முதுகு வளைந்து இறங்கி அதைத் தொடும். இந்த வடிவத்தை வெள்ளைக்காரர்கள் ஆட்டுக்காலின் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஆடுகிற கப்பலில் வேலை செய்கிறவன் தவறிப்போய்ப் பாயையோ பக்கத்து ஆளையோ குத்திவிடக் கூடாது என்பதால் கப்பல்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. கைக்கு வந்த புதிதில் முனையில்லாத கத்தி என்ன கத்தி என்றுதான் எனக்கும் பட்டது. கேபிள் மேல்தோலைச் சீவும்போதுதான் அதன் அருமை புரிந்தது. விளிம்பு நேராக இருப்பதால் கேபிளின்மேல் முழுக்கப் படிந்து நிற்கும். கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்தினால் உள்கம்பியைத் தொடாமல் தோல் மட்டும் உரியும். கூர்முனைக் கத்தி என்றால் ஒரு நொடிக் கவனப் பிசகில் உள்ளே இறங்கியிருக்கும்.

முதுகு முள்ளைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். கத்தி என் கைக்கு வந்து இரண்டு வருடம் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. குதிரைக் குளம்பில் கல் எடுப்பதற்கு என்று பலரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உவரியில் ஒரு வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போயிருந்தபோது, அந்த வீட்டுப் பெரியவர், கடலுக்குப் போய்வந்தவர், கத்தியைக் கையில் வாங்கினார். பார்த்த மாத்திரத்தில் அந்த முள்ளை மட்டும் விரித்து, "இது கயித்துக்குள்ளது அண்ணாச்சி" என்றார். திண்ணையில் கிடந்த கயிற்றின் புரிகளுக்குள் அதை நுழைத்துப் பிரித்து, இன்னொரு கயிற்றின் புரியை அதற்குள் செலுத்திப் பின்னிக் காட்டினார். இறுகிய முடிச்சை அவிழ்க்கவும் அதுவே கருவி.

அதற்குப் பிறகு அந்த முள் எனக்கு என்ன உழைத்திருக்கிறது என்று சொல்லி முடியாது. போர்வெல் மோட்டாரைக் குழாயோடு நைலான் கயிற்றிலும் கட்டி இறக்குவோம். மூன்று நான்கு வருடம் தண்ணீருக்குள் பாரம் தாங்கிக் கிடந்த முடிச்சு கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். விரல் நகம் போகாது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அதன் தட்டை முனை புரியை அறுத்துவிடும். அறுபட்ட கயிற்றை நம்பி மறுபடி மோட்டாரை இறக்கக் கூடாது. இந்த முள் உருண்டையானது, முனை மழுங்கல், போகப்போகத் தடிப்பது. முடிச்சின் நடுவில் விட்டு மெல்லத் திருகிக்கொண்டே அழுத்தினால் புரி அறுபடாமல் விலகி வழி விடும். ஒரு கண்ணி தளர்ந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். இப்போது கடைகளில் கிடைக்கிற குறடு வைத்த புதிய கருவிகள் பலவற்றில் இந்த முள் இல்லை. எனக்கு அது பெரிய குறைதான்.

டப்பா திறப்பானால் நான் இதுவரை உணவு டப்பா ஒன்றுகூடத் திறந்ததில்லை. வைண்டிங் வார்னிஷ் டப்பாவின் மூடியை நெம்பத்தான் பயன்பட்டு வருகிறது. திருப்புளி முனை, ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் பெரிய ஆணிகளுக்குச் சரி. உள்ளே இருக்கிற சின்ன ஆணிகளுக்குத் தடிமன்.

மின்சார வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்தக் கத்தியின் உடல் முழுவதும் இரும்பு. கைப்பிடித் தகட்டைத் தாண்டி விரல் எங்கே பட்டாலும் உலோகம்தான். 2008-ல் ஒரு வாழைத் தோட்டத்தில் மெயினை இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு மூன்று பேஸ் கேபிளில் அலகை வைத்தேன். இறக்கியது பக்கத்து மோட்டாரின் மெயின். நீல வெளிச்சம் ஒன்று வெடித்தது. ரப்பர் செருப்பும் காய்ந்த பலகையும் காப்பாற்றின. அலகின் நடுவில் மிளகளவு பள்ளம் விழுந்தது. அதன் அடையாளம் இன்னும் இலேசாக இருக்கிறது. அன்றிலிருந்து டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கத்தியை விரிப்பதில்லை.

இனி பராமரிப்பு. இது துருப்பிடிக்கிற எஃகு. துருப்பிடிக்காத எஃகு 1913-லேயே ஷெஃபீல்டில் உருவாகிவிட்டது. ஆனாலும் என் கத்திக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாழைக்கறை பட்டால் கறுக்கும், மாங்காய் நறுக்கினால் நீலம் பாய்ந்து கறுக்கும். முதலில் பதறிப்போய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது தவறு. சாம்பலும் கறுப்புமாகப் படிகிற அந்தப் படலம் எஃகுக்கு ஒரு போர்வை. அதைச் சுரண்டினால் அடுத்த மழைக்குச் செந்துரு வந்து உட்காரும். செந்துருதான் தின்னும். கறுப்பை விட்டுவிடுங்கள், சிவப்பைக் கண்டால் அன்றைக்கே எடுங்கள்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. தாத்தா தேங்காய் எண்ணெய்தான் தடவுவார். நான் நல்லெண்ணெய் நல்லது என்று ஒரு வருடம் மூட்டுக்கெல்லாம் அதை விட்டேன். வைகாசி வெயிலில் அது பிசினாகிப் பிடித்துக்கொண்டது. அலகை விரிக்கவே முடியவில்லை. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டுத்தான் மீட்டேன். நல்லெண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல மெல்லப் பிசுபிசுக்கிற வகை, தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. இப்போது மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பழம் நறுக்குகிற அலகுக்குத் தேங்காய் எண்ணெய்.

எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் சாணையால் வந்தது. 2011-ல் அவசரத்துக்கு ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கே கரண்ட் சக்கரத்தில் தண்ணீர் விடாமல் வைத்து இழுத்துவிட்டார்கள். அலகின் நுனியில் ஒரு விரல்கடை அகலம் மயில்கழுத்து நீலமாகிவிட்டது. எஃகைச் சூடாக்கும்போது 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள் வரும், 300-ஐ நெருங்கினால் நீலம் வரும். நீலம் வந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். அந்த நுனி அதன்பிறகு கூர் நிற்கவே இல்லை. இரண்டு நாளில் மழுங்கிவிடும். தேய்த்துத் தேய்த்து அந்தப் பகுதி போக எத்தனையோ வருடம் ஆயிற்று, அலகின் அகலமும் குறைந்துவிட்டது. பழைய கத்தி வைத்திருக்கிற எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: கையால், தண்ணீர் விட்ட கல்லில் மட்டும் தீட்டுங்கள். மெதுவாகத்தான் வரும், ஆனால் பதம் போகாது.

இப்போது ஆச்சியின் கொத்து. ஒரு முள்வாங்கி, காது அழுக்கு எடுக்கிற ஒரு குறும்பிவாங்கி, முள்ளைத் தோண்டுகிற ஊசிமுனைக் கம்பி ஒன்று. மூன்றும் சுண்டுவிரல் நீளம். அந்தக் காலத்தில் இதை அரைஞாண் கயிற்றில் கோத்துப் போட்டிருப்பார்கள். பெண்கள் சுருக்குப்பையில் பாக்குவெட்டியோடு வைத்திருப்பார்கள். பல கருவியை ஒன்றாக வைத்துக்கொள்கிற இந்த வழக்கம் மற்ற நாடுகளிலும் உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் பட்டாளத்துக்கு மடக்குக் கத்தியைக் கொடுத்தது 1891-ல். அதிகாரிகளுக்கான கத்தி 1897-ல் வந்தது. நம் ஊரில் எல்லோரும் அறிந்த அந்தச் சிவப்புக் கத்தி இந்தப் பரம்பரைதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் கரண்டி, முள்கரண்டி, கத்தி எல்லாம் ஒன்றாக மடங்குகிற ரோமானிய வெள்ளிக் கருவி ஒன்று இருக்கிறது, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே இடத்தில் நாலு கருவி வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஆச்சியின் இடுப்பிலும் அது இருந்திருக்கிறது.

வளைகுடாவில் இருக்கிற என் மைத்துனர் 2009-ல் ஒரு சிவப்புக் கத்தி கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். மழையில் நனைந்தாலும் கவலையில்லை. அதன் கைப்பிடிக்குள்ளும் ஒரு முள்வாங்கியும் ஒரு பல்குத்தியும் செருகியிருக்கும். அந்த முள்வாங்கியை நம் ஊர் முள்ளிடம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேலே துருத்திக்கொண்டிருக்கும் சிறாய்க்கு அது போதும். சீமைக்கருவேல முள் அப்படி ஏறாது. செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்து, உள்ளே போனதும் முறிந்து, தோலுக்கு அடியில் நுனி நின்றுவிடும். தேரிப்பக்கம், அதாவது செம்மணல் காட்டுப் பக்கம் போனால் உடைமரத்து முள் வேறு, வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்கு. ஆச்சியின் முள்வாங்கிக்கு நுனி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை விடாமல் பொருந்தும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடுக்கில் ஒளி தெரியாது. ஊசிமுனையால் தோலை முள் போன திசையிலேயே இலேசாகக் கிளறி, நுனியைப் பிடித்து, போன வழியே இழுக்க வேண்டும். நிமிர்த்தி இழுத்தால் மறுபடி முறியும். இதை ஆச்சி என் காலில் செய்து காட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

தோட்டங்களில் என்னை மோட்டாருக்காகக் கூப்பிட்டவர்கள், "அண்ணாச்சி, அந்த முள்ளுவாங்கி இருக்கா? பயலுக்கு முள்ளு ஏறிட்டு" என்று கேட்பது சகஜமாகிவிட்டது. எடுப்பதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பேன், அப்புறம் ஸ்பிரிட் வைத்துத் துடைப்பேன். முள் எடுத்தபின் ஆஸ்பத்திரிக்குப் போய் இரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புவேன். கண் பக்கமோ மூட்டுக்குள்ளோ ஏறிய முள்ளை நான் தொடுவதில்லை.

குறும்பிவாங்கியைக் காதுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் காது டாக்டர் ஒருவர் என்னைக் கண்டித்தார். காதுக்குள் எதையும் விடாதே, குறும்பி தானாக வெளியே வரும், கிண்டினால் இன்னும் உள்ளே தள்ளும், சவ்வு கிழியும் என்றார். அந்தக் குட்டிக் கரண்டி முனை இப்போது பேரிங் இடுக்கில் பழைய கிரீஸ் வழிக்கிறது. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பளபளவென்று மெருகு போட்டு விற்பதைத் தவிர்த்துவிடுங்கள். மெருகுச் சக்கரத்தில் முத்திரையும் போயிருக்கும், சூட்டில் பதமும் போயிருக்கலாம். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ரிவெட் தேய்ந்திருக்கிறது. மூடும்போது டக்கென்று சத்தத்தோடு உள்ளே போக வேண்டும். சத்தமில்லாமல் தளர்வாக விழுந்தால் முதுகு ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது, அதைச் சரிசெய்வது கடினம். முள்வாங்கி என்றால் நுனியால் உங்கள் கைமயிர் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நழுவினால் வேண்டாம். பழையதுதான் வேண்டுமென்றும் இல்லை. என் தங்கைக்காகக் களக்காட்டுப் பக்கம் ஒரு கொல்லரிடம் பழைய கடிகார ஸ்பிரிங் துண்டைக் கொடுத்து முள்வாங்கி செய்யச் சொன்னேன். நுனியை மட்டும் அரைமணி நேரம் அரத்தால் ராவிப் பொருத்திக் கொடுத்தார். ஆச்சியினுடையதற்குக் கொஞ்சமும் தாழ்வில்லை.

விமானப் பயணமென்றால் கத்தியைக் கைப்பையில் விட மாட்டார்கள். சரக்கில் போடுகிற பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கத்தியின் தலைப்பக்கத்து வளையம் இருபது வருடமாக என் இடுப்புக் கயிற்றில் உரசி ஒரு பக்கம் பாதியாகத் தேய்ந்துவிட்டது. புதிது அடித்துத் தருவதாக அதே கொல்லர் சொல்கிறார். அதற்கு ரிவெட்டைத் தட்டி எடுக்க வேண்டும். எடுத்தால் 1943-ல் இறுக்கிய இறுக்கம் திரும்ப வருமா என்று தெரியாமல் நாலு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு மெழுகு தடவிய நூலைத் தேய்ந்த இடத்தில் இறுகச் சுற்றி வைத்திருக்கிறேன்.