மதுரையிலிருந்து ஜப்பான் ராக் ரேடியோ: எது காதில் விழும், எது விழாது

மதுரைப் பிள்ளைகளில் பலருக்கு ஜப்பான் ராக் அறிமுகமானது நருட்டோ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) வழியாகத்தான். அதன் இரண்டாவது தொடக்கப் பாடலான 'ஹாருகா கனட்டா', ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ராக் குழு பாடியது. பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்க, பின்னாலேயே டிரம்ஸ் பாய்ந்து வரும். ஆனால் அனிமேவில் ஒலிப்பது ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டிய வடிவம். முழுப்பாடல் ஏறக்குறைய 4 நிமிடம். மிச்சம் இருப்பதையும் சேர்த்துப் போட்டு, இது யார், எந்த ஊர், இவர்களுக்கு முன்னால் யார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். நல்ல ரேடியோ நிகழ்ச்சி செய்கிற வேலை அதுதான். இந்தப் பாடலுக்கு அடுத்து ஃபுகுவோக்கா ஊரின் மூத்த ராக் குழுவான நம்பர் கேர்ளைப் போடத் தெரிந்த தொகுப்பாளர் கிடைத்தால், ஏஷியன் குங்ஃபூவின் கிட்டார் சத்தம் எங்கிருந்து வந்தது என்று 5 நிமிடத்தில் விளங்கிவிடும். செயலி தானாகப் போடும் 'அடுத்த பாடல்' பெரும்பாலும் இன்னொரு அனிமே பாடலாகவே இருக்கிறது.

அப்படிப்பட்ட ரேடியோ ஜப்பானில் நிறையவே உண்டு. வெளிநாட்டு ரசிகருக்கு அதில் எவ்வளவு எட்டுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ராடிகோ. ஜப்பானின் வணிக வானொலிகள் கிட்டத்தட்ட எல்லாமே 2010-இல் தொடங்கிய இந்த இணைய வானொலிச் சேவைக்குள் இருக்கின்றன. முடிந்துபோன நிகழ்ச்சியை ஒரு வாரம்வரை திரும்பக் கேட்கலாம். மாதக் கட்டணம் கட்டினால் வேறு மாநில நிலையங்களும் திறக்கும். சேவையாக அருமையானது. ஆனால் ஜப்பானுக்கு வெளியே வேலை செய்யாது. கணினியில் ஐபி முகவரியையும் போனில் இருப்பிடத்தையும் பார்த்து, நீங்கள் சேவைப் பகுதிக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று நிறுத்திவிடும். பாடல் உரிமை ஜப்பானுக்குள் ஒலிபரப்ப மட்டும் வாங்கப்பட்டது என்பதே காரணம். விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் இணைப்பு) போட்டு நுழையச் சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் கிடக்கின்றன. நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்: விதிமீறல் என்பது ஒன்று, போன் செயலி ஜிபிஎஸ்ஸையும் பார்ப்பதால் பாதி நேரம் அதுவும் பலிக்காது என்பது இன்னொன்று.

இதனால் நாம் இழப்பது என்ன என்பதற்கு ஓர் உதாரணம், டோக்கியோ எஃப்எம்மின் 'ஸ்கூல் ஆஃப் லாக்'. 2005 அக்டோபரில் தொடங்கியது. வார நாள்களில் இரவு 10 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 6.30-க்கு, 'பள்ளிக்கூடம்' திறக்கும். தொகுப்பாளர்கள் தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர், கேட்பவர்கள் மாணவர்கள், சகனாக்ஷன் போன்ற குழுக்கள் விரிவுரையாளர்களாக வந்து, பாடல் எப்படிக் கட்டுகிறோம் என்று பாடம் எடுப்பார்கள். பதின்ம வயதினருக்கு மட்டும் என்று இந்த நிகழ்ச்சி 2008-இல் நடத்திய முதல் இசைக்குழுப் போட்டியில் வென்றது ஹொக்காய்டோவின் கலிலியோ கலிலி. பின்னாளில் பெரிய குழுவானார்கள். ஒரு ரேடியோ நிகழ்ச்சி பாடலைப் போடுவதோடு நிற்காமல் குழுவையே வளர்த்துவிட்டது. இதில் ஒரு மணி நேரத்தையாவது வெளிநாட்டுக்குத் திறந்துவிட்டால் எத்தனை பேர் கேட்பார்கள்!

வெளிநாட்டு ரசிகருக்கென்றே செய்தவர்கள் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே. ஜப்பானின் வெளிநாட்டு ஒலிபரப்பு 1935-லேயே தொடங்கியது. இந்தி, வங்காளம், உருதுவில் சேவை உண்டு, தமிழில் இல்லை. இசைக்கு அவர்கள் செய்த நல்ல காரியம் 2005-இல் தொடங்கிய 'ஜே-மெலோ'. அது தொலைக்காட்சி நிகழ்ச்சிதான், ஆனாலும் ரேடியோக்காரர்கள் பார்த்துப் படிக்க வேண்டியது. பேச்சு முழுக்க ஆங்கிலம், பல ஆண்டுகள் தொகுத்தவர் பாடகி மே ஜே. வெளிநாட்டு ரசிகர்கள் எழுதிக் கேட்ட பாடல்களை அந்தக் குழுக்களையே வைத்துப் பாட வைத்தார்கள். ராக்குடன் பாப்பும் பாலட்டும் கலந்தே வரும். கனமான சத்தம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது கொஞ்சம் மென்மைதான்.

பாட்காஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். ஜப்பான் நிலையங்கள் பல, இசை நிகழ்ச்சிகளின் பேச்சை மட்டும் பாட்காஸ்ட்டாகப் போடுகின்றன. "இப்போது அந்தப் பாடலைக் கேட்போம்" என்றதும் ஒரு வெட்டு, அடுத்த நொடி "கேட்டோம் அல்லவா" என்று பேச்சு தொடரும். ஜப்பானிய மொழி படிப்பவருக்குப் பயன், இசைக்கு வந்தவருக்கு ஏமாற்றம்.

இங்கிருந்து உண்மையில் பலன் தருகிற வழி, நிகழ்ச்சியின் பாடல் பட்டியலைப் பிடிப்பது. ஒலிதான் பூட்டப்பட்டிருக்கிறது, பட்டியல் திறந்தே இருக்கிறது. டோக்கியோவின் ஜே-வேவ் 1988-இல் தொடங்கிய நிலையம். கிறிஸ் பெப்ளர் அன்றுமுதல் தொகுத்துவரும் 'டோக்கியோ ஹாட் 100' ஞாயிறு பகல் 1 மணிக்கு, நமக்குக் காலை 9.30. அந்த 100 பாடல்களும் நிலையத்தின் தளத்திலேயே வந்துவிடும். மேல்நாட்டுப் பாடல்களும் அதில் கலந்திருக்கும், ராக் பகுதியை நீங்கள்தான் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை ஸ்பாட்டிஃபையிலோ யூடியூப் மியூசிக்கிலோ வரிசை மாறாமல் அடுக்கினால், தொகுப்பாளர் இல்லாத நிகழ்ச்சி ஒன்று கையில் வந்துவிடும்.

தேடும்போது பெயரை ஆங்கில எழுத்தில் தட்டாதீர்கள். பட்டியலில் உள்ள ஜப்பானிய எழுத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். ஒசாகாவில் 'ஹனுமான்' என்றே ஒரு ராக் குழு இருந்தது, கிட்டார் கூர்மையாக வெட்டும். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தேடினால் திரை முழுக்க சாலிசாதான் வரும். கடகனா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒட்டினால் குழு வந்து நிற்கும். பாடல் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அது இந்தியாவுக்குத் தரப்படவில்லை என்று பொருள், குழுவின் சொந்த யூடியூப் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் 'ஷார்ட் வெர்ஷன்' என்று போட்டிருந்தால் பாதிப் பாடல்தான். பழைய குழுக்கள் சிலர் ஸ்ட்ரீமிங்குக்கே தாமதமாக வந்தவர்கள். விற்பனையில் ஜப்பானின் உச்சத்தில் இருக்கும் பி'ஸ் இருவரணியே 2021 மே மாதம்தான் வந்தது.

நேரக் கணக்கில் சறுக்காதவர் குறைவு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அது எளிது. ஆனால் அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் 25:00 என்று இருக்கும். வெள்ளி 25:00 என்றால் சனிக்கிழமை அதிகாலை 1 மணி. நமக்கு அது வெள்ளி இரவு 9.30. நாள்காட்டி செயலி 25-ஐ ஏற்காது. சனி 1:00 என்று டோக்கியோ நேரத்தில் பதியுங்கள், செயலியே மாற்றிக் காட்டும். வெள்ளி 1:00 என்று பதிந்தால் ஒரு நாள் முன்னதாகவே அலாரம் அடித்துவிடும்.

நேரலையாகவே கேட்க வேண்டும் என்றால் சமுதாய எஃப்எம் நிலையங்கள் இருக்கின்றன. 1992-இல் அனுமதிக்கப்பட்டவை, பொதுவாக 20 வாட்டுக்குள் ஒரு நகருக்கு மட்டும் ஒலிபரப்புபவை. அவற்றில் பல, இணையத்தில் நாடு பார்க்காமல் திறந்திருக்கின்றன. நெதர்லாந்தில் உருவான ரேடியோ கார்டன் செயலியில் உலக உருண்டையைச் சுழற்றி, ஜப்பான்மேல் உள்ள பச்சைப் புள்ளியைத் தொட்டால் போதும். பகலில் ஊர்ச் செய்தி, வானிலை, கடைவீதி விளம்பரம். உள்ளூர்க் குழு ஒன்று கிட்டாரோடு ஸ்டூடியோவுக்கு வந்து அமர்வது மாலை, இரவு நேரங்களில்தான். பின்னிரவில் பல நிலையங்கள் வெளியிலிருந்து வாங்கிய இசையை ஓட்டிவிடும். பெரிய குறை, செயலியில் நிலையத்தின் பெயர்தான் தெரியும், பாடலின் பெயர் தெரியாது. பக்கத்தில் இன்னொரு போனில் ஷஸாம் (ஒலியைக் கேட்டுப் பாடலின் பெயர் சொல்லும் செயலி) வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் ஒலி நின்றுபோனால் நிலையத்தைக் குறை சொல்லாதீர்கள்: ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு செயலியை மூடியிருக்கும், அமைப்பில் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

ரசிகர்களே நடத்தும் இணைய நிலையங்களில் லிசன்.மோ நன்றாக இருக்கிறது. விளம்பரம் இல்லை, பாடல் பெயரும் பாடியவர் பெயரும் திரையில் வரும், கணக்குத் தொடங்கினால் விருப்பப் பாடலும் கேட்கலாம். பேசுவதற்கு ஆள் இல்லை, அனிமே பாடல் வாடை தூக்கல். பின்னணியில் ஓட விட ஏற்றது, ராக் கற்றுக்கொள்ளப் போதாது.

ஒலித்தரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ராக்குக்கு இது முக்கியம். சிறிய நிலையங்கள் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் ஒலித் தரவின் அளவு) அனுப்பும்போது முதலில் கெடுவது சிம்பல், அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு. 'ஜிங்' என்று விரிய வேண்டியது 'சர்' என்று மணல் கொட்டுவதுபோல் ஒலிக்கும். டிஸ்டார்ஷன் (கரகரவென்று சிதைத்த ஒலி) கிட்டார் இரண்டு சேர்ந்தால் ஒரே சுவராக ஒட்டிக்கொள்ளும். அதை ப்ளூடூத் இன்னொரு முறை சுருக்கி அனுப்புவதால் மேலும் மோசமாகும். அதனால் வயர் இயர்போன். டவுன்ஹால் ரோட்டில் வயர் இயர்போனைப் போனில் செருக டைப்-சி மாற்றி கேட்டால் மலிவானதை எடுத்து நீட்டுவார்கள். அதில் டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் இல்லையென்றால் பல போன்களில் சத்தமே வராது. "உள்ளே டிஏசி இருக்காண்ணே?" என்று கேட்டு, உங்கள் போனிலேயே செருகி ஒரு பாடல் ஓடவிட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம். 128 கேபிபிஎஸ் (பிட்ரேட்டின் அளவு) ஓடை, அதாவது ஸ்ட்ரீம், ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிக்குள் முடியும், 48 என்றால் 22 எம்பி. வேகம் தேவையில்லை, அறுபடாத சிக்னல்தான் தேவை. நேரலை ஓடை சில நொடிகளையே முன்கூட்டிச் சேமித்து வைப்பதால், திண்டுக்கல் வழியில் ரயிலில் டவர் மாறும்போதெல்லாம் அறுந்துவிடும். பயணத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை அடுக்கிய பட்டியலை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.