தறிச் சத்தம் தின்ற காதுக்கு ஒரு கருவி

முப்பது ஆண்டு விசைத்தறிச் சத்தத்தில் கிடந்த காது என்னுடையது. ஈரோட்டில் ஒரு செவித்திறன் நிலையத்துக்குப் போனேன். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், கீச்சொலிப் பகுதியான 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. சோதித்த பெண் பொறுமைசாலி. “ஐயா, உள்காதில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் இருக்கிறது. அதில் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். வாசலருகே இருப்பவை கீச்சொலிக்கானவை; பெரும்பாலும் அவைதான் முதலில் சாகும், மறுபடி முளைக்காது” என்றார். பேத்தியின் குரல் கேட்டும் சொல் பிடிபடாத காரணம் அப்போதுதான் விளங்கியது.

விற்பனைப் பிரிவு வேறு ரகம். விலை கூடிய காது கேட்கும் கருவியை மூன்று முறை தலையில் கட்டப் பார்த்தார்கள். நான் வாங்கிய சாதாரணக் கருவி வீட்டுக்குள் அருமை. பஸ் நிலையத்தில் எல்லா இரைச்சலையும் சேர்த்தே உயர்த்துகிறது. பேட்டரி வாரத்துக்கு ஒன்று தீர்கிறது. பரிசோதனைக்கு ஐந்து நட்சத்திரம், விற்பனைக்கு இரண்டு.