பல்லுக்குக் கிளிப்: கம்பி கழற்றிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு

பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள் பெரும்பாலும் கம்பி கழற்றிய வாரத்திலேயே அனுபவத்தை எழுதிவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாருடைய பல்லும் வரிசையாகத்தான் இருக்கும். அந்த வரிசை நிலைத்ததா என்பது ஆண்டுகள் போனால்தான் தெரியும். எனக்குக் கம்பி கழற்றிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எந்த வகை நல்லது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம், நேரான பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

எனக்கு மேலே ஒரு தெற்றுப்பல், கீழே முன்பற்களில் நெருக்கம். மேல் வரிசைக்குப் பல் நிறத்துச் செராமிக், கீழ் வரிசைக்கு உலோகம் என்று மருத்துவர் முடிவு செய்தார். இரண்டுக்கும் செராமிக் போட முடியாதா என்று கேட்டேன். செராமிக் எனாமலைவிடக் கடினமானது, மேல்பல் கீழ் பிராக்கெட்டில் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) உரசினால் தேய்வது பல்தான் என்றார். கண்ணாடியில் கீழ் வரிசையின் உலோகம் எனக்குச் சில வாரங்களிலேயே பழகிவிட்டது.

அதே காலத்தில் என் தங்கை அலைனர் போட்டாள், அதாவது கம்பிக்குப் பதில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டுகள். அவளுக்கு முன்பற்களுக்கு நடுவே சிறிய இடைவெளி மட்டும்தான். ஒவ்வொரு தட்டும் பல்லை ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த தட்டு. சாப்பிடக் கழற்றலாம், வழக்கம்போல் பல் தேய்க்கலாம். ஆனால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அது வாயில் இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு காபிக்கும் கழற்றி, வாய் கொப்பளித்து, மறக்காமல் திரும்பப் போடும் பொறுமை அவளுக்கு இருந்தது. அது இல்லாதவர்களுக்கு அலைனர் வேண்டாம் என்றே சொல்வேன். ஏறி நிற்கும் தெற்றுப்பல்லைக் கீழே இறக்குவதும், உருண்டையான பல்லைத் திருப்புவதும் தட்டுக்குச் சிரமம். அதனால் எனக்குக் கம்பிதான் சரி. நாக்குப் பக்கம் ஒட்டும் லிங்குவல் வகை வெளியே தெரியாது என்றாலும், பேச்சு பழக நாள் பிடிக்கும்.

இடம் உண்டாக்க மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். ஒரு பல்லை எடுத்தால் சுமார் 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். பல் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகரும். போகும் பக்கத்தில் எலும்பு கரைந்து, விட்ட பக்கத்தில் புது எலும்பு வளர வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. ஆறே மாதத்தில் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால், மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் கடியையும் சரிசெய்வார்களா, முன்பற்களை மட்டும் நேராக்குவார்களா என்று கேளுங்கள். என் முன்பற்கள் பாதி வழியிலேயே நேராகிவிட்டன. மீதிக் காலமெல்லாம் மேலும் கீழும் ரப்பர் மாட்டி, கடைவாய்ப் பற்களைப் பொருத்துவதற்கே போயிற்று. இன்று மெல்லும்போது கிடைக்கும் சுகம் அந்த மாதங்களால் வந்தது.

கம்பி மாற்றியதும் மூன்று நான்கு நாள் வலி இருக்கும். கன்னத்தில் குத்தினால் மெழுகு வைத்தால் போதும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது சுத்தம். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குத் தங்கினால் எனாமலில் வெள்ளைத் திட்டு விழும், கழற்றிய பிறகும் அது முழுதாகப் போகாது. பல் இடுக்குக்கான குட்டி பிரஷ் இல்லாமல் கம்பி போடவே கூடாது.

இனி ரீடெய்னர். பல்லைப் பிடித்திருக்கும் ஈறு நார்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதோடு வயது ஏற ஏற, கிளிப்பே போடாதவர்களுக்கும் கீழ் முன்பற்கள் நெருங்கும். எனவே ‘கொஞ்ச காலம் போட்டால் போதும்’ என்பதை நம்பாதீர்கள். எனக்குக் கீழே உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது. மேலே இரவில் போடும் தட்டு. ஒருமுறை ஒட்டியிருந்த கம்பி ஒரு பல்லிலிருந்து மட்டும் விட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரியவேயில்லை, பல் சுத்தம் செய்யப் போனபோதுதான் கண்டுபிடித்தார்கள். அந்தப் பல் லேசாகத் திரும்பியிருந்தது. அதிலிருந்து மாதம் ஒருமுறை நகத்தால் ஒவ்வொரு பல்லிலும் தடவிப் பார்க்கிறேன்.

தட்டை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். கம்பி கழற்றும் நாளில் எடுக்கும் ஸ்கேன் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். தட்டு உடைந்தாலோ தொலைந்தாலோ, அதை வைத்து அதே அளவில் புதிது செய்துகொள்ளலாம்.