லித்தியம் இரும்பு பாஸ்பேட் இன்வெர்ட்டர் பேட்டரி: ஒரு மதிப்புரை

ஈய-அமில பேட்டரிக்கு மாற்றாக நான் பயன்படுத்திவரும் இந்த பேட்டரியின் சிறப்பு அதன் நேர்மின்வாயின் (நேர்முனையின்) வேதியியலில்தான் இருக்கிறது. பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997-இல் ஆய்விதழில் விவரித்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் இந்தச் சேர்மத்தில் பாஸ்பரசும் ஆக்சிஜனும் மிக வலுவாகப் பிணைந்திருப்பதால், கலம் (பேட்டரிக்குள் இருக்கும் செல்) சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியேறித் தீயை வளர்ப்பதில்லை. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத அதன் இயல்பை, துகள்களை நுண்ணியதாக்கி அவற்றின்மீது கார்பன் பூச்சு கொடுத்துச் சரிசெய்திருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் திடீரென அதிக மின்சாரத்தை இழுத்து ஓடத் தொடங்கும் நொடியிலும் விளக்குகள் மங்காமல் எரிவதைக் காணும்போது அந்த உழைப்பின் அருமை புரிகிறது.

குறையும் அதே வேதியியலிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கலமும் பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால், மின்னழுத்தத்தை வைத்து மீதமுள்ள இருப்பைக் கணிப்பது கடினம். திரையில் 30 விழுக்காடு என்று காட்டியது சற்று நேரத்தில் 10-க்கு இறங்கிவிடுகிறது. அவ்வப்போது முழுமையாக சார்ஜ் செய்தால் கணக்கு நேராகிவிடும் என்றாலும், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது ஏமாற்றமே. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் கெடும் என்பதால், அந்நிலையில் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்புச் சுற்று அமைத்திருப்பது பாராட்டுக்குரியது. எடைக்கேற்ற ஆற்றலில் நிக்கல் சேர்ந்த லித்தியம் கலங்கள் முந்தினாலும், ஓரிடத்திலேயே வைத்துப் பயன்படுத்துவோருக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.