சில்லறைக்குச் சாக்லேட்: டூட்டி ஃப்ரீயோடு என் 14 வருடம்

ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி நேற்று ராத்திரி கேட்டான்: "அண்ணே, முதல் தடவை ஊருக்குப் போறேன். பாட்டில், சாக்லேட்டெல்லாம் முஸ்தபாவுல வாங்கவா, ஏர்போர்ட்டுல பாத்துக்கவா?" முஸ்தபா என்பது இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருக்கும் பெரிய கடை. இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் டூட்டி ஃப்ரீ (ஏர்போர்ட்டில் வரியில்லாமல் விற்கிற கடை) என்று காதில் விழுந்தாலே எனக்கு 2021 ஞாபகம் வந்து கோபம் ஏறிவிடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சிங்கப்பூரில் விஸ்கி மாதிரி மதுவுக்குத் தீர்வை, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டர் என்றால் 35 வெள்ளி 20 காசு. அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. புறப்படும்போது சாங்கி ஏர்போர்ட்டில் வாங்கினால் இரண்டும் கிடையாது. சாக்லேட்டுக்குத் தீர்வையே இல்லை. மிச்சமாவது அந்த 9 சதவீதம்தான், அதையும் ஏர்போர்ட் விலை விழுங்கிவிடும். கோடாலித் தைலமும் அப்படியே. ஆக, பாட்டில் ஏர்போர்ட்டில், மற்றதெல்லாம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம்.

வந்த புதிதில் சாங்கி கடை எனக்குப் பெரிய வேடிக்கை. குட்டிக் கப்பில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். கல்லாவில் தமிழ் பேசுகிற அக்கா ஒருவர் இருந்தார். "தம்பி, ஊருல ரெண்டு லிட்டருக்கு மேல விடமாட்டான், அந்த மூணாவதை வச்சிட்டுப் போ" என்று தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்வார். அவருக்காகவே அந்த வரிசையில் நிற்பேன்.

கொரோனாதான் எல்லாவற்றையும் சாய்த்தது என்பார்கள். சாங்கியில் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சிங்கப்பூருக்குள் வருகிறவர்கள் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மது, 2019 ஏப்ரலில் 3 லிட்டரிலிருந்து 2 லிட்டராகக் குறைந்தது. பல வருடமாக அங்கே மதுவும் சிகரெட்டும் விற்ற டிஎஃப்எஸ் நிறுவனம், அந்த ஆகஸ்டிலேயே இனி அந்தக் கடைகளை ஏலம் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்து எடுத்தது கொரியாவின் லோட்டே நிறுவனம். எடுத்த நேரம் பாருங்கள், 2020 ஜூன். மே மாதமே டெர்மினல் 2, டெர்மினல் 4 இரண்டும் மூடியாகிவிட்டது. 2019இல் 6 கோடியே 83 லட்சம் பயணிகள் வந்துபோன இடத்தில் 2021 முழுக்கச் சேர்த்தே 30 லட்சம் சொச்சம். இலை போட்டபின் கல்யாணம் நின்றுபோன கதை. (அதே சாங்கியில்தான் 2020 அக்டோபரில், நிறுத்தி வைத்த ஏ380 விமானத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட டிக்கெட் விற்றார்கள். அரை மணி நேரத்தில் தீர்ந்தது!)

2021 ஆகஸ்டில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் சிறப்பு விமானத்தில் கிளம்பினேன். சாங்கியில் விளக்கெல்லாம் எரிகிறது, தரை பளபளக்கிறது, வழியெங்கும் ஷட்டர்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அக்கா இல்லை. எங்கே என்று கேட்கவும் ஆள் இல்லை. எதுவும் வாங்கத் தோன்றவில்லை.

ஆனால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது மச்சான். வெறுங்கையோடு போக முடியுமா? ஊரில் இறங்கியதும் அந்த ஏர்போர்ட்டின் டூட்டி ஃப்ரீ கடைக்குள் நுழைந்தேன். எந்த ஏர்போர்ட் என்பது வேண்டாம். பாதி அலமாரி காலி. ஒரே ஒரு பெண். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. விலை அமெரிக்க டாலரில், நான் கொடுத்தது சிங்கப்பூர் வெள்ளி, மீதி அவர்கள் போட்ட ரேட்டில் 340 ரூபாய். "சார், சில்லறை இல்ல, சாக்லேட் எடுத்துக்கிறீங்களா?"

இதுதான் என் தீராத எரிச்சல். 14 வருடத்தில் ஊர்ப்பக்கக் கடையில் எனக்கு ஒரு தடவைகூட மீதி காசாக வந்ததில்லை. மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தால் சிரித்துவிட்டு வரலாம். 340 ரூபாய்க்கா?

ஒரு வாரக் கொரோனாத் தனியறை முடிந்து, தங்கச்சி மகள் உறையைப் பிரித்தாள். "மாமா, இதுல பூசணம்." பூசணமில்லை, கொக்கோ வெண்ணெய் உருகித் திரும்ப உறைந்தால் அப்படித்தான் வெள்ளை பூக்கும் என்று பெரிய மனுஷனாக விளக்கினேன். அப்புறம் அட்டையைத் திருப்பினேன். தேதி ஜூனோடு முடிந்திருந்தது.

நியாயமாகப் பேசினால், 2020 மார்ச்சில் நிறுத்திய வழக்கமான பன்னாட்டு விமானங்களை இந்தியா 2022 மார்ச் 27இல்தான் மறுபடி விட்டது. ஆள் வராமல் கிடந்தால் எந்தச் சரக்குக்கும் ஆயுசு போய்விடும். "நேத்து ஃப்ளைட்டுக்கு மூணு பேருதான் சார் வாங்கினாங்க" என்று அந்தப் பெண் சொன்னது பொய்யாக இருக்காது. அவளுக்கு அந்த மாதம் சம்பளம் முழுசாக வந்திருக்குமா என்றுகூட யோசித்தேன். சரி, எல்லாம் சரி. குப்பைக்குப் போக வேண்டியதை என் மீதிக் காசுக்கு என் தலையில் கட்டுவது எந்த நியாயம்? புகார் எழுதினேன். 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வதாகப் பதில் வந்தது. இன்னும் அந்த 48 முடியவில்லை.

இப்போது எல்லாம் திரும்பிவிட்டது. சாங்கியில் டெர்மினல் 4, டெர்மினல் 2 இரண்டும் திறந்தாயிற்று, குட்டிக் கப்பும் வந்துவிட்டது. அக்காவை மட்டும் காணோம். போன மாதம் ஊர்ப்பக்கக் கடையிலும் அலமாரி நிறைய சரக்கு, மரியாதையான ஆட்கள், விலையும் பரவாயில்லை. மீதி 110 ரூபாய்க்குச் சாக்லேட். தேதி பார்த்தேன், ஒரு வருடம் இருந்தது. நல்ல சாக்லேட்தான், தங்கச்சி மகள் ஒரே நாளில் தீர்த்துவிட்டாள்.

ஆகவே தம்பி, ஊர்ப்பக்கக் கடையில் வாங்காதே. பாட்டிலை சாங்கியிலேயே எடுத்து, சீல் வைத்த பையைப் பிரிக்காமல் கொண்டு போ. முஸ்தபா 24 மணி நேரமும் திறந்திருந்தது கொரோனாவுக்கு முன்பு, வேலை முடிந்து போவதாக இருந்தால் எத்தனை மணி வரை என்று பார்த்துவிட்டுப் போ. ஊரில் இறங்கித்தான் வாங்கியாக வேண்டும் என்றால் கார்டைத் தேய். மெஷின் ஓடவில்லை என்றால் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு.

நான் ஒரு தடவையும் வைத்துவிட்டு வந்ததில்லை, அது வேறு விஷயம்.