மண் தொட்டியா, குரோ பேக்கா: நாலு நாள் ஊருக்குப் போனால் எது தாங்கும்?

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது 22 குரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை), 5 மண் தொட்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாமே மண் தொட்டிதான். மானாமதுரைக்குப் போய், சூளைச் சூடு ஆறிய தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்ததை மட்டும் எடுத்து வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தோம். கடம் செய்கிற ஊர் மண்ணில்லையா, அந்தத் தொட்டிகள் மேல் எனக்கு இன்றும் ஆசை உண்டு. ஆனாலும் காய்கறிக்கு எது என்று கேட்டால் குரோ பேக் என்றுதான் சொல்வேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழகுக்கு மண் தொட்டி. விலைக்கும் எடைக்கும் பை. 12 அங்குலப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். அதை வெறும் செம்மண்ணால் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிக்கு மேல் கலந்தால் எடை நன்றாகக் குறையும். பழைய வீடு என்றால் இந்த ஒரு காரணமே போதும். எதை வாங்கினாலும் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வைப்பது நல்லது.

என்னை மாற வைத்தது வேறு. வருடத்துக்கு நாலைந்து முறையாவது இரண்டு மூன்று நாள் வெளியூர் கிளம்பிவிடுவோம். ஆடி பிறந்தால் குற்றாலம். வழக்கமாக எதிர்வீட்டு அக்காவிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். ஒரு வருடம் அக்காவும் பேரப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். நாலு நாள்தானே என்று தொட்டிகளை நிறைய நனைத்துவிட்டு ரயில் ஏறினோம்.

குற்றாலத்தில் சாரலைத் தூவுகிற அதே தென்மேற்குக் காற்று, மதுரைக்கு வந்து சேரும்போது ஈரமில்லாமல் வறண்டு அடிக்கும். திரும்பி வந்த காலையில், துண்டுகளைக் காயப்போட மாடிக்கு ஏறியபோதே தெரிந்துவிட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற 6 கத்தரிச் செடியும் இலை சுருண்டு தொங்கின. தொட்டிக்குள் மண் சுருங்கி, சுவரை விட்டு விலகியிருந்தது. அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் முழுசாக இறங்கியது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். வேரைத் தொடாமல் அந்த இடுக்கு வழியாகவே ஓடி அடித் துளையில் கொட்டியது. தொட்டியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துத்தான் மண்ணை மறுபடி ஊற வைக்க முடிந்தது. இரண்டு செடி பிழைத்தன, நாலு போய்விட்டன.

பரீட்சைக்காகப் பையில் வைத்திருந்த கத்தரி 2 மட்டும் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றன. மேலே போட்டிருந்த காய்ந்த சருகை விலக்கி விரலை விட்டால் இரண்டு அங்குல ஆழத்தில் குளிர்ச்சி.

காரணம் எளிது. சுடுமண் பானைத் தண்ணீர் எப்படிக் குளிருகிறதோ அப்படித்தான் மண் தொட்டியும்: சுவர் முழுக்க ஈரத்தைக் கசியவிட்டு ஆவியாக்கும். வேருக்கு அது குளிர்ச்சி, உண்மைதான். தினமும் தண்ணீர் விட ஆள் இருக்கும் வீட்டில் அது நல்ல குணம். பூட்டிய வீட்டில் அதுவே செடிக்கு எமன். பையின் பக்கவாட்டில் ஈரம் போக வழியில்லை. உள்ளே இருக்கும் நார்க்கழிவும் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

பைக்கும் குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த ஈரமே வேரை அழுகச் செய்யும். மிளகாய்தான் முதலில் வாடும். துளை அடைபடாமல், பையைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். தளத்திலும் ஈரம் கோக்காது. நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். வெயில் படப்பட பை நைந்து, கைப்பிடித் தையல் முதலில் விடும். என்னுடையவை மூன்றாவது வருடத்தில் இருக்கின்றன, மூன்று பைகளில் கைப்பிடி போய்விட்டது. ஐந்து வருடம் வரும் என்கிறார்கள். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. கிழிந்த பை குப்பைதான் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உடைந்த தொட்டியின் ஓடு அப்படியில்லை, அடித் துளைமேல் கவிழ்த்து வைக்க உதவும்.

அப்புறம், மண்ணை நான் முழுசாக விட்டுவிடவில்லை. பெரிய பைகளின் நடுவில் ஒரு சின்னக் கலயத்தைக் கழுத்து வரை புதைத்திருக்கிறேன். பானைப் பாசனம் என்று இதைச் சொல்வார்கள். தொட்டியாக இருந்தபோது வெளிக்காற்றுக்குக் கசிந்த அதே சுடுமண், இப்போது கலவை காயக் காய வேருக்குக் கசிகிறது. ஒன்றரை லிட்டர் கலயம் ஆடிக் காற்றில் எனக்கு மூன்று நாள் வந்தது. அதன் பிறகு பையில் தங்கிய ஈரம் மேலும் ஓரிரு நாள் தாங்கியது. போன வருடம் சாவியை யாரிடமும் கொடுக்காமலே குற்றாலம் போய் வந்தோம்.

மிச்சமிருக்கும் 5 தொட்டியில் துளசியும் கற்றாழையும் ஓமவல்லியும் இருக்கின்றன. கற்றாழைக்கு மண் காய்ந்து காய்ந்து நனைவதே பிடிக்கும், அதற்குப் பையே வேண்டாம்.

கலயம் வாங்கினால் பெயின்டோ வார்னிஷோ பூசாததாகப் பாருங்கள், பூசினால் கசியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால்தான் கசிவு குறையாமல் இருக்கிறது. வாயை ஓட்டுச்சில்லால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.