பக்கக் காத்தில சின்னப் பிளேன் இறக்கிறது: கிராப்பா, சைட்ஸ்லிப்பா?

சோளகம் தொடங்கினா வவுனியாப் பக்கம் வெட்டவெளியில நிண்டு பாத்தாலே தெரியும், காத்து ஒரே சீரா வராது, விட்டு விட்டு உதைக்கும். அப்பிடிக் காத்து ஓடுபாதைக்குக் குறுக்கால வந்தா செஸ்னா 172 மாதிரிச் சின்னப் பிளேனுக்கு ரெண்டு வழி இருக்கு.

கிராப் எண்டா மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி, செட்டை ரெண்டையும் மட்டமா வச்சுக்கொண்டு வாறது. உள்ள இருக்கிறவைக்குச் சுகம், ஆனா சில்லு முட்டக் கொஞ்சம் முந்தி ரடரை (காலால இயக்கிற வால் சுக்கான்) மிதிச்சு மூக்கை நேராக்கோணும், அந்த நேரம் பாத்து ஒரு உதை வந்துதெண்டா கோணலா முட்டி, சில்லுக்காலில பக்கப்பாரம் ஏறி, ஓடுபாதைக்கு வெளியால இழுத்துக்கொண்டு போயிடும். வால்சில்லுப் பிளேன் எண்டா சுத்தியே போடும்.

சைட்ஸ்லிப்பில காத்துப் பக்கச் செட்டையைப் பதிச்சு, எதிர்ப்பக்க ரடரால மூக்கை நேரா பிடிக்கிறது, ஆனையிறவு வெளியில சைக்கிள்காரர் காத்துக்குள்ள சாஞ்சு ஓடுற மாதிரித்தான். ஒரு சில்லு முதல்ல முட்டும், அது பிழையில்ல.

உதைக்கிற காத்துக்கு நான் சைட்ஸ்லிப் எண்டுதான் சொல்லுவன். ஏனெண்டா ரடர் முழுசா மிதிச்சும் மூக்கு நேரா நிக்கேல்லையெண்டா அது மேலயே தெரிஞ்சிடும், பவரைக் குடுத்து திரும்ப எழும்பலாம். தூரத்தில கிராப், கிட்ட வந்தாப்பிறகு சைட்ஸ்லிப் எண்டு கலந்து செய்யிறவைதான் கனபேர், அதுவும் நல்லது.

எதைச் செய்தாலும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ: காத்து 15 நொட் (மணிக்கு 15 கடல்மைல்), உதை 25 எண்டா இடைவெளியில பாதி, 5 நொட். முட்டினாப்பிறகும் ஏலரோனை (செட்டையை ஏத்தி இறக்கிற, செட்டை ஓரப் பலகை) காத்துப் பக்கமே பிடிச்சிருக்கோணும், அதில விடுறதாலயும் செட்டை எழும்பிப் பிரளுது.